ஸ்கேனுக்கு அஞ்சு நிமிஷம்... ரிப்போர்ட்டுக்கு ஏன் ஒரு நாள்? ரேடியாலஜி துறைக்குள் நடப்பது என்ன?

"ஸ்கேன் அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு. ரிப்போர்ட்டை மட்டும் ஏன் நாளைக்கு வந்து வாங்கிக்கச் சொல்றாங்க?"

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிடி ஸ்கேன் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலே இந்தக் கேள்வி காதில் விழும். கையில் சீட்டு, மடியில் பழைய ஃபிலிம் கவர், பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் அப்பாவோ அம்மாவோ. படம் எடுத்தாச்சு. எடுத்தவரிடம் "என்னண்ணே தெரியுது, பயப்படுற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், "டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாங்க" என்று ஒரே பதில்.

எந்த டாக்டர்? அவரை நோயாளி பார்க்கவே மாட்டார். அவரும் பெரும்பாலும் நோயாளியைப் பார்க்க மாட்டார். ஆனால் ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா, ஊசி போடலாமா கூடாதா என்பதெல்லாம் அவர் எழுதப்போகும் நான்கு வரியை நம்பித்தான் பல நேரம் முடிவாகிறது. அந்த நான்கு வரி எப்படி எழுதப்படுகிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்பதைப் பார்க்கலாம்.

எடுப்பவர் வேறு, படிப்பவர் வேறு

உங்களைப் படுக்க வைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்பவர் ரேடியோகிராஃபர். டெக்னீஷியன் என்று சொன்னால்தான் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்த உறுப்பை எந்தக் கோணத்தில், எவ்வளவு கதிர்வீச்சில் எடுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. படத்தைப் பார்த்து இது இன்ன நோய் என்று சொல்வது அவர் வேலை இல்லை. அனுபவத்தில் அவருக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது. அதனால் அவர் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

படத்தைப் படிப்பவர் ரேடியாலஜிஸ்ட். எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் 3 ஆண்டு எம்.டி. படித்தவர். மருத்துவக் கல்லூரியில் இன்னொரு அடுக்கும் உண்டு. அந்த 3 ஆண்டுப் படிப்பில் இருக்கும் பிஜி டாக்டர்கள்தான் முதலில் உங்கள் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார்கள். பிறகு உதவிப் பேராசிரியரோ பேராசிரியரோ அதே படத்தைப் பார்த்து, திருத்தி, ஒப்புதல் தருவார்கள். ரிப்போர்ட்டின் அடியில் இரண்டு பெயர் இருப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய வரலாறு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியின் பர்னார்டு கதிரியக்கவியல் நிறுவனம் 1934-ல் தொடங்கியது. இன்றைய ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே, ஸ்கேன் வேலைகள் அதன் கீழ்தான் வருகின்றன. படம் எடுக்கும் இடமே படிக்கும் இடமாகவும் இருப்பது 90 ஆண்டுகளாக நடந்து வரும் ஏற்பாடு.

ஒரு படம் இல்லை, நூற்றுக்கணக்கான படங்கள்

சிடி ஸ்கேன் என்றால் ஒரே ஒரு பெரிய எக்ஸ்ரே என்று பலர் நினைக்கிறார்கள். கையில் கொடுக்கும் ஃபிலிமில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் இருக்கும் இல்லையா, அது ஒரு மாதிரிதான். கம்ப்யூட்டரில் ஒரு நெஞ்சு சிடிக்கு நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். ரொட்டியைத் துண்டு போடுகிற மாதிரி, உடலை மெல்லிய துண்டுகளாகப் பார்ப்பது அது.

சிடி மெஷினை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு டாக்டர் இல்லை, இன்ஜினீயர். பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட அதே இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1971 அக்டோபர் 1-ம் தேதி லண்டன் புறநகர் மருத்துவமனை ஒன்றில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1979-ல் ஆலன் கார்மக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவர் பெயரில் ஓர் அளவுகோல் இருக்கிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. எலும்பு பல நூறில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். மூளைத் திசு 30-40 வாக்கில் இருக்கும். புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60-ஐ ஒட்டி இருக்கும். கவனியுங்கள், 2,000 அளவுக்கு நீளும் கோலில் மூளைக்கும் ரத்தக் கசிவுக்கும் உள்ள இடைவெளி 20, 30 தான். எல்லாவற்றையும் ஒரே படத்தில் காட்டினால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் அதே படத்தை மூளைக்கு ஒரு முறை, எலும்புக்கு ஒரு முறை, மண்டை ஓட்டை ஒட்டிய ரத்தத்துக்கு ஒரு முறை என்று வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். வாட்ஸ்அப்பில் ஃபிலிமைப் போட்டோ எடுத்து "தெரிஞ்ச டாக்டருக்கு" அனுப்பினால் அவர் பெரும்பாலும் கையை விரிப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் போட்டோவில் வெளிச்சத்தை மாற்ற முடியாது.

பின்னால் வந்தவரை ஏன் முன்னால் அழைத்தார்கள்?

ராத்திரி 11 மணி என்று வைத்துக்கொள்வோம். வெளியே எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள். ஒன்பதாவதாக ஸ்ட்ரெச்சரில் ஒருவர் வருகிறார், நேரே உள்ளே போகிறார். வெளியே சத்தம் கிளம்பும். "நாங்க சாயந்திரத்துல இருந்து உட்கார்ந்திருக்கோம்."

அவருக்கு ஒரு பக்கம் கை கால் வரவில்லை, வாய் கோணியிருக்கிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்குழாய் அடைத்திருந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடிகாரம் ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்தில் தொடங்காது. அவர் கடைசியாக நல்லா இருந்த நேரத்தில் தொடங்கும். வீட்டில் ஒன்றரை மணி நேரம், வழியில் ஒரு மணி நேரம் போயிருந்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. "சிடி நார்மல்னு சொல்றாங்க. அப்புறம் ஏன் பக்கவாதம்னு ஊசி போடுறாங்க?" அடைப்பால் வரும் பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சிடி படம் கிட்டத்தட்ட நார்மலாகவே இருக்கலாம். அந்த நேரத்தில் சிடி எடுப்பது முதன்மையாக மூளைக்குள் ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய. கசிவு இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. கசிவு இல்லை என்றால்தான் ஊசி. ஆகவே அங்கே "நார்மல்" என்ற வார்த்தைக்கு "நோய் இல்லை" என்று அர்த்தம் இல்லை. "ஊசி போடலாம்" என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட அவசரக் கேஸ்களில் எழுதிய ரிப்போர்ட்டுக்கு யாரும் காத்திருப்பதில்லை. டூட்டியில் இருக்கும் ரேடியாலஜி டாக்டர் திரையில் பார்த்ததும் கேஷுவாலிட்டி டாக்டருக்கு போனில் சொல்லிவிடுவார். உங்கள் கையில் பேப்பர் வராமல் இருக்கலாம், தகவல் ஏற்கெனவே போயிருக்கும்.

"புரொவிஷனல்" என்றால் பாதி ரிப்போர்ட்டா?

இரவில் தரப்படும் ரிப்போர்ட்டின் மேல் "புரொவிஷனல்" என்று எழுதியிருக்கும். முதல் கட்டப் படிப்பு என்று புரிந்துகொள்ளலாம். பெரும்பாலும் டூட்டி பிஜி டாக்டர் எழுதியது. அடுத்த நாள் காலையில் பேராசிரியர்கள் அதே படங்களை மறுபடி பார்த்து இறுதி ரிப்போர்ட் தருவார்கள். பல நேரம் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். சில நேரம் ஒரு வரி கூடும். அபூர்வமாக, முக்கியமான ஒன்று மாறும்.

மாறினால் "நேத்து ஒண்ணு சொன்னாங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் இரண்டாவது கண் பார்ப்பதே அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

இரண்டாவது கண் ஏன் அவசியம்? 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 24 ரேடியாலஜிஸ்ட்டுகளிடம் நுரையீரல் சிடி படங்களைக் கொடுத்து, சின்னச் சின்னக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படங்களில் ஒரு கொரில்லா உருவத்தை ஒளித்து வைத்திருந்தார்கள். அவர்கள் தேடிய கட்டிகளைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா. 24 பேரில் 20 பேர் அதைப் பார்க்கவில்லை! கண் அசைவைப் பதிவு செய்து பார்த்ததில், தவறவிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் பார்வை கொரில்லா இருந்த இடத்தின் மேலேயே போய் வந்திருக்கிறது.

அவர்கள் அத்தனை பேரும் தகுதியான டாக்டர்கள். கட்டியைத் தேடும் மூளை கட்டியைத்தான் பார்க்கும். மனிதக் கண் வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு கோளாறைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடத் தோன்றும், பக்கத்தில் இருக்கும் இரண்டாவது கோளாறு தப்பிவிடும். விபத்தில் கை எலும்பு முறிவைப் பார்த்த சந்தோஷத்தில் மணிக்கட்டில் இருக்கும் மெல்லிய விரிசலை விட்டுவிடுவது இப்படித்தான்.

மருத்துவக் கல்லூரி ரீடிங் ரூமில் இதற்குப் பழக்குவதுதான் பாடமே. பேராசிரியர் "இது என்ன நோய்?" என்று முதலில் கேட்க மாட்டார். "என்ன தெரியுது, சொல்லு" என்பார். எலும்பைப் பார்த்தியா, படத்தின் ஓரத்தைப் பார்த்தியா, பழைய ஸ்கேன் இருக்கா என்று கேள்வி போகும். முதலாமாண்டு பிஜி திணறுவார், மூன்றாமாண்டு பிஜி எடுத்துக் கொடுப்பார். சில வாரம் கழித்து ஆபரேஷனில் என்ன கிடைத்தது, பயாப்ஸியில் என்ன வந்தது என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் கூட்டங்கள் உண்டு. உங்கள் ஸ்கேன் அங்கே பாடமாகிறது. கற்றுக்கொள்பவர்கள் கையில் நம் உடம்பா என்று தோன்றலாம். ஒரே படத்தை இத்தனை பேர் கேள்வி கேட்டுப் பார்க்கும் வசதி பல தனியார் சென்டர்களில் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சின்னச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனுக்கு அனுப்பும்போது வார்டிலோ ஓபியிலோ ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். பெயர், வயது, வார்டு, எந்த ஸ்கேன். கூடவே நோயாளியின் விவரம் எழுத ஓர் இடம் இருக்கும். கூட்டத்தில், அவசரத்தில், அந்த இடத்தில் "தலைவலி" என்று ஒரே வார்த்தை இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது.

ஒரு உதாரணம். 72 வயதுப் பெரியவர். இரண்டு வாரத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, லேசாக வீங்கி வடிந்துவிட்டது. இப்போது தலைவலி, கொஞ்சம் தடுமாற்றம், பேசினதையே திரும்பப் பேசுகிறார். வீட்டில் "வயசாகுது, அதான்" என்று நினைக்கிறார்கள்.

விழுந்த அதிர்ச்சியில் மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே ரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்ந்திருக்கலாம். புதிய ரத்தம் சிடியில் வெள்ளையாகத் தெரியும், யாராலும் சொல்ல முடியும். நாள் ஆக ஆக அதன் வெள்ளை குறையும். பல வாரங்கள் கழித்துக் கருமையாகிவிடும், அப்போதும் தெரியும். நடுவில், ஏறத்தாழ ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், ஒரு கட்டம் வரும். அப்போது அந்த ரத்தத்தின் சாம்பல் நிறமும் மூளையின் சாம்பல் நிறமும் ஒன்றாக இருக்கும். ரத்தம் இருக்கிறது, ஆனால் தனியாகத் தெரியாது. மூளையின் மடிப்புகள் உள்ளே தள்ளப்பட்டிருக்கின்றனவா, நடுக்கோடு நகர்ந்திருக்கிறதா என்று மறைமுகமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமமாகச் சேர்ந்திருந்தால் நடுக்கோடும் நகராது.

சீட்டில் "தலைவலி" என்று மட்டும் இருந்தால், அன்றைய ஐம்பதாவது தலைவலிப் படமாக அதைப் பார்ப்பார்கள். "2 வாரத்துக்கு முன் விழுந்தார், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார், 3 நாளாகத் தடுமாற்றம்" என்று இருந்தால், பார்ப்பவரின் கண் நேரே அந்த இடத்துக்குப் போகும். படம் ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான். சீட்டில் இருக்கும் ஒரு வரியால் ரிப்போர்ட்டே மாறலாம்.

நேரத்தில் கண்டுபிடித்தால் மண்டை ஓட்டில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றலாம். பலர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். விட்டுவிட்டால் நினைவு தப்பும்.

சீட்டை முழுமையாக எழுதுவது டாக்டரின் கடமை. நோயாளியின் வீட்டார் மேல் அதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நெரிசலான ஓபியில் நீங்கள் சொன்னால்தான் அவர் எழுத முடியும். எப்போது விழுந்தார், எந்தப் பக்கம் வலி, எத்தனை நாளாக, முன்பு என்ன ஆபரேஷன், புற்றுநோய்க்கோ டிபிக்கோ சிகிச்சை எடுத்தாரா. இவற்றை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சீட்டில் எழுதவில்லை என்றால் ஸ்கேன் அறையில் இருக்கும் டாக்டரிடம் வாயால் சொன்னாலும் போதும்.

பழைய ஃபிலிம்களும் அப்படித்தான். நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது. மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் இருந்தால், அது பழைய தழும்பு என்று பெரும்பாலும் விட்டுவிடலாம். பழைய படம் இல்லை என்றால் அதே புள்ளிக்கு மறு ஸ்கேன், தேவைப்பட்டால் ஊசி வைத்துத் திசு எடுப்பது வரை போகும். வீட்டுப் பரணில் கிடக்கும் அந்தக் கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் உங்களிடம் ஏன் கேட்கிறார்கள்?

ஸ்கேனுக்கு முன்னால் கேட்கும் கேள்விகள் சில நேரம் எரிச்சலூட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு கிடையாது, காந்தம்தான். 1.5 டெஸ்லா மெஷின் என்றால் பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. மெஷின் சும்மா இருக்கும்போதும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் ஒரு மருத்துவமனையில், உறவினரின் ஸ்கேனுக்காக ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன இளைஞர், காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். வாசலில் இருக்கும் ஊழியர் கத்துவது இதற்காகத்தான்.

இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் காக்ளியர் கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெல்டிங், லேத் பட்டறையில் வேலை பார்த்தவர்கள் கண்ணில் எப்போதாவது இரும்புத் துகள் பட்டிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னால் பல பெண்களுக்கு மனசு கேட்காது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஆனால் அது படத்தைக் கெடுக்கும், சூடாகவும் வாய்ப்புண்டு. அதைவிட ஆபத்து, கொடியில் கோத்து வைத்திருக்கும் சேஃப்டி பின். அது இரும்பு! மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போகலாம். குழந்தையின் இடுப்பில் இருக்கும் தாயத்தையும் மறக்க வேண்டாம்.

சிடியில் சில நேரம் கான்ட்ராஸ்ட் மருந்து ஊசி போடுவார்கள். அயோடின் கலந்தது. உடம்பு முழுக்கச் சூடு பரவும், சிறுநீர் வந்துவிட்டது போலவே தோன்றும். ஒரு நிமிடத்தில் போய்விடும். அந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியாட்டினின் ரிசல்ட் கேட்கிறார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். நிறுத்தலாமா தொடரலாமா என்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அல்ட்ராசவுண்டில் ஒருவரை வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள், இன்னொருவரை லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் தெரியாது, அதனால் முதலாமவருக்குப் பட்டினி. நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிட்டுக் கர்ப்பப்பையைப் பார்க்க ஜன்னல் மாதிரி உதவும், அதனால் இரண்டாமவருக்குத் தண்ணீர்.

கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்யும்போது "என்ன குழந்தை?" என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ம் ஆண்டுச் சட்டப்படி சொல்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை. கேட்டு வருபவருக்கும் அதே 3 ஆண்டு வரை உண்டு.

கதிர்வீச்சு: எவ்வளவு என்று தெரிந்தால் பயம் குறையும்

எக்ஸ்ரேயிலும் சிடியிலும் கதிர்வீச்சு உண்டு. மண், பாறை, ஆகாயம், சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதருக்கு உலக சராசரியில் ஆண்டுக்கு சுமார் 2.4 மில்லிசீவெர்ட் கதிர்வீச்சு எப்படியும் கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி போன்ற கடற்கரைகளில் மணலில் தோரியம் இருப்பதால் இன்னும் அதிகம்.

ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. அதாவது இயற்கையாகவே சில நாட்களிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கிடைப்பதுதான். தலை சிடி 2 வாக்கில். வயிற்று சிடி 8 முதல் 10 வரை போகலாம். ஆகவே, இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் பயப்படுவதில் அர்த்தம் இல்லை. அதே நேரம் "எதுக்கும் ஒரு ஃபுல் பாடி சிடி எடுத்துடுங்க டாக்டர்" என்று நீங்களாகக் கேட்பதிலும் அர்த்தம் இல்லை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால், நாள் தள்ளிப் போயிருந்தால், வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அங்கேயே வேலை பார்ப்பவர்கள் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ் மாட்டியிருப்பார்கள். அவர்கள் மேல் எவ்வளவு பட்டது என்று அது பதிவு செய்யும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பார்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புப்படி ஐந்தாண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டைத் தாண்டக் கூடாது. "எங்களை உள்ள விட்டுட்டு நீங்க மட்டும் வெளிய ஓடுறீங்களே" என்று டெக்னீஷியனிடம் கேட்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது ஒரு முறை. அவருக்கு நாள் முழுக்க, வருஷம் முழுக்க.

ரிப்போர்ட்டில் பயமுறுத்தும் வார்த்தைகள்

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் நடப்பது கூகுள். அங்கேதான் தூக்கம் போகிறது.

"லீஷன்" என்றால் புற்றுநோய் இல்லை. சுற்றியுள்ள இடத்திலிருந்து வித்தியாசமாகத் தெரியும் ஒரு பகுதி, அவ்ளோதான். நீர்க்கட்டியும் லீஷன்தான், பழைய தழும்பும் லீஷன்தான். "அன்ரிமார்க்கபிள்" என்றால் குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமில்லை, நல்ல செய்தி. "கிளினிக்கல் கோரிலேஷன்" என்று எழுதியிருந்தால், இந்தப் படத்தை நோயாளியின் அறிகுறிகளோடு வைத்துப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும் என்று பொருள். சீட்டில் விவரமே இல்லாமல் வந்த படங்களில் இந்த வரி அதிகம் வருவதில் ஆச்சரியமில்லை.

மார்பக ஸ்கேனான மேமோகிராமில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 0 என்றால் ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் உண்டு. தவறு. 0 என்றால் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை, கூடுதல் படம் வேண்டும் என்று அர்த்தம். 1, 2 தான் கவலையில்லாதவை. 3 என்றால் புற்றுநோயாக இருக்க 2 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பு, வழக்கமாக 6 மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள். 4, 5 வந்தால் திசுப் பரிசோதனை. 6 என்பது ஏற்கெனவே புற்றுநோய் என்று உறுதியானவர்களுக்கு.

இதையெல்லாம் இனி ஏஐ பார்த்துக்கொள்ளாதா என்ற கேள்வியும் வருகிறது. 2016-ல் ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி தருவதையே நிறுத்திவிடலாம் என்று சொன்னார். இன்றும் அந்தப் படிப்புக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்புதான். நெஞ்சு எக்ஸ்ரேயில் டிபியைச் சலித்தெடுக்க, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. டாக்டர் இல்லாத கிராமங்களில் அது பெரிய உதவி. ஆனால் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததை அதற்கும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

கையில் வாங்கிய பிறகு

டிஸ்சார்ஜ் ஆகும்போது கேஸ் ஷீட்டில் இருப்பது புரொவிஷனல் ரிப்போர்ட்டா, இறுதி ரிப்போர்ட்டா என்று வார்டு டாக்டரிடம் ஒருமுறை கேளுங்கள். ராத்திரி எடுத்த ஸ்கேன் என்றால் கட்டாயம் கேளுங்கள். காலையில் வந்த திருத்தம், நோயாளி வீட்டுக்குப் போன பிறகு வார்டுக்கு வந்து சேர்ந்தால் யாருக்கும் பயனில்லை.

வேறு டாக்டரிடம் காட்டுவதாக இருந்தால் ஃபிலிமோடு சிடி தட்டையும் கேட்டு வாங்குங்கள். முழுப் படங்களும் அதில்தான் இருக்கும், அதில்தான் வெளிச்சத்தை மாற்றிப் பார்க்க முடியும். ரிப்போர்ட்டில் ஏதாவது விடுபட்டது போலத் தோன்றினால், அதே துறைக்குப் போய், சொல்ல மறந்த விவரத்தைச் சொல்லி, மறுபடி பார்க்கச் சொல்லலாம். கூடுதலாக ஏதாவது தெரிந்தால் "அடெண்டம்" என்று பழைய ரிப்போர்ட்டின் கீழேயே தேதி போட்டு எழுதித் தருவார்கள்.